அனுமதி மறுக்கப்பட்டது

நம் கலாசாலையின் ஆண்டு மலருக்குப் பழைய மாணவன் என்ற முறையில் ஏதேனும் எழுதியனுப்புமாறு தமிழ்ப் பகுதியின் ஆசிரியர் அன்புடன் கேட்டிருந்தார். யான் இங்கே பயின்றது பௌதிகம்; இப்பொழுது பிழைப்பது கணினிகளைப் பராமரித்து. இலக்கிய விஷயமாக எழுத எனக்குத் தகுதியில்லை. ஆகவே என் உத்தியோகத்தில் நேர்ந்த ஒரு பிழையைப் பற்றி எழுதத் துணிந்தேன். பிழை என்னுடையது, அதன் பயனை அனுபவித்தவர்கள் வேறிருவர்.

யான் அக்காலத்தில் வேலை பார்த்துவந்த ஸ்தாபனத்தின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. தென் மாவட்டமொன்றில் சில பள்ளிக்கூடங்களையும் ஒரு சிறு வைத்தியசாலையையும் நடத்திவந்தது என்று கூறினால் போதும். அதன் தலைமைக் காரியாலயத்தில் ஏறக்குறைய 40 கணினிகள் இருந்தன. அவையனைத்தும் மாடிப்படியின் கீழிருந்த சிற்றறையில், ஒரு பழைய ஏ.சி. பெட்டியின் தயவால் உயிர்வாழ்ந்த ஒரே சர்வருடன் இணைக்கப்பட்டிருந்தன. அச்சர்வரில் ‘கணக்கு’ என்றொரு பொது ஃபோல்டர் உண்டு. சம்பளம், சேமநிதி, தணிக்கை, கட்டணம் என்று அதனுள்ளே பல உள் ஃபோல்டர்கள். கணக்குப் பிரிவினர் அறுவர் மட்டுமே அதனைத் திறக்கலாம். அவரவர் மேஜையிலிருந்தபடியே அதைத் திறந்து எழுதுவார்கள்.

இத்தகைய ஃபோல்டர் ஒருவருக்குத் திறப்பதும் மற்றொருவருக்குத் திறவாமையும் எவ்வாறு நிகழ்கின்றன என்பதை, விடுதியில் தங்கிப் பயிலும் மாணவருக்கு விளக்குதல் எளிது. விடுதிக்கு வெளிவாயில் ஒன்றுண்டு. உள்ளே ஒவ்வோர் அறைக்கும் தனிப் பூட்டும் உண்டு. காவலாளி உள்ளே விட்டாலும் அறைச் சாவி இல்லாதவன் தாழ்வாரத்திலேயே நிற்க வேண்டும். சாவி இருந்தும் காவலாளி தடுத்தால் அச்சாவியாற் பயனில்லை. விண்டோஸ் சர்வரிலும் அப்படியே. ‘ஷேர் பெர்மிஷன்’ என்பது வெளிவாயில். வட்டில் அந்தந்த ஃபோல்டரோடு எழுதப்பட்டிருக்கும் என்.டி.எஃப்.எஸ். அனுமதி அறைப் பூட்டு. நெட்வொர்க் வழியே வருபவருக்கு இவ்விரண்டும் இசைந்து கொடுக்கும் அளவே கிடைக்கும். சர்வரின் முன்னேயே அமர்ந்து திறப்பவருக்கோ வெளிவாயில் என்பது கிடையாது. ஆதலால் சர்வரறையில் நின்றுகொண்டு, “எனக்குத் திறக்கிறதே, உமக்கு ஏன் திறக்கவில்லை?” என்று கேட்பது பேதைமை. அக்கேள்வியை யானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

அறைப் பூட்டு என்றேனே, அது உண்மையில் ஒரு பெயர்ப்பட்டியல். இன்னாருக்கு வாசிக்க அனுமதி, இன்னாருக்கு எழுத அனுமதி, இன்னாருக்கு மறுப்பு என்று வரிவரியாக எழுதியிருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் இத்தகைய பட்டியல் வேண்டும் என்னும் எண்ணம் புதிதன்று. அமெரிக்காவில் மல்டிக்ஸ் என்னும் பெருங்கணினி முறையை வகுத்தவர்களுள் டேலி, நியூமன் என்னும் இருவர் 1965ஆம் ஆண்டிலேயே இதனை எழுதிவைத்தனர். 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. அதனைச் சாதாரணக் காரியாலயங்களுக்கும் கொண்டுவந்தது.

இனிக் கதைக்கு வருகிறேன். கணக்குப் பிரிவின் மூத்தவரை நாங்கள் ‘கணக்கர் ஐயா’ என்றே அழைப்போம். 31 ஆண்டு ஊழியம். பேரேடுகளை இரும்புப் பீரோவில் வைத்துச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருந்த காலத்தில் வேலைக்கு வந்தவர். கணினி வந்தபின்னும் அக்கொத்தை அவர் விடவில்லை. எந்தப் பீரோவும் அச்சாவிகளுக்குத் திறவாது என்பது அவருக்கும் தெரியும். கணினியிடம் அவருக்கு அச்சமில்லை, மதிப்பும் அவ்வளவாக இல்லை. ஒரு புதிய குமாஸ்தாவைப் போல அதனிடம் பொறுமையாக நடந்துகொள்வார். அம்மாத இறுதியில் அவர் ஓய்வுபெற இருந்தார். அதற்குமுன், வந்திறங்கவிருந்த தணிக்கையாளருக்குச் சேமநிதிக் கணக்கை முடித்துக் கொடுப்பது அவருடைய கடைசிப் பொறுப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நிர்வாகப் பிரிவிலிருந்து அம்மாதம் ஓய்வுபெறுவோர் பட்டியல் எனக்கு வந்தது. எனக்கு முன் அவ்வேலையில் இருந்தவர் சர்வரில் ‘ரிலீவிங்’ என்றொரு குழுவை ஏற்படுத்தியிருந்தார். பணிக்கொடை சம்பந்தமான கடிதங்களை அனுப்புதற்காகவே அக்குழு என்று யானாகக் கருதிக்கொண்டு, கணக்கர் ஐயாவின் பெயரை அதிற் சேர்த்தேன். அரை நிமிஷ வேலை. அன்று மாலை வரையில் அவர் வழக்கம்போல் வேலை செய்ததை என் கண்ணாலேயே கண்டேன். இந்த ஒன்றே பின்னர் என்னை நெடுநேரம் மயக்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை அவருடைய கணினித்திரையில் ‘அக்ஸஸ் டினைட்’ என்னும் வாசகம் தோன்றியது. அனுமதி மறுக்கப்பட்டது. ‘கணக்கு’ ஃபோல்டரே அவருக்குத் திறக்கவில்லை. மற்ற ஐவருக்கும் திறந்தது.

சனி, ஞாயிறு விடுமுறையில் சர்வரில் ஒரு விண்டோஸ் அப்டேட் நடந்திருந்தது. குற்றத்தை அதன்மேற் சுமத்துவது எளிதாயிருந்தது. வெள்ளிக்கிழமை யான் செய்தது நினைவுக்கே வரவில்லை. அதற்குப் பின்னும் அவர் வேலை செய்தாரன்றோ? மதியம் ஆயிற்று, மேலாளர் இருமுறை ஆள் அனுப்பிவிட்டார். அப்பொழுது யான் ஒரு காரியம் செய்தேன். இத்தொழிலில் இருப்பவர் பலரும் அவசரத்தில் செய்து, பின்னர் வெளியே சொல்லாமல் விடுவது அது. வெளிவாயிலிலும் அறைப் பட்டியலிலும் ‘எவரிஒன்’ என்னும் குழுவுக்கு ‘ஃபுல் கண்ட்ரோல்’ என்ற முழு அதிகாரத்தையும் எழுதிவைத்தேன். எவரிஒன் என்றால் எல்லாரும். எல்லாருக்கும் திறந்துவிட்டால் அவருக்கும் திறக்கத்தானே வேண்டும்? அவர் காரியம் நடக்கட்டும், பிறகு நிதானமாக ஆராய்ந்து பழையபடி அடைக்கலாம் என்பது என் கணக்கு. (விண்டோஸின் பழைய பதிப்புகளில் புதிதாகப் பகிரும் ஃபோல்டருக்கு வெளிவாயில் அனுமதி தானாகவே இப்படித்தான் எழுதப்பட்டுவந்தது. 2003ஆம் ஆண்டின் சர்வர் பதிப்பில்தான் அதனை வாசிக்கும் அளவுக்குக் குறைத்தார்கள். அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை யான் மறுபடியும் பட்டுத் தெரிந்துகொண்டேன்.)

அவருக்குத் திறக்கவில்லை. கட்டிடத்திலிருந்த 40 கணினிகளுள் 39க்குத் திறந்தது. எவருக்காகத் திறந்தேனோ அவருக்கு மட்டும் அடைத்தே இருந்தது.

யான் திகைத்தேன். திகைப்போடு நின்றிருந்தாலும் பாதகமில்லை. எழுதிய வரிகளை அழிக்காமலேயே, நாளைக்குப் பார்க்கலாம் என்று வீட்டுக்குச் சென்றுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கணக்கர் ஐயா என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். “தம்பி, பெரிய ஃபோல்டர் திறக்கவில்லை என்கிறீர், ஆனால் அதற்குள்ளே இருக்கும் ‘தணிக்கை’ மட்டும் எனக்குத் திறக்கிறது. முகப்பில் ஒரு ஷார்ட்கட் வைத்திருக்கிறேன், அதன் வழியாக.” வெளியறை பூட்டியிருக்க உள்ளறை எங்ஙனம் திறக்கும்? அவர் வேறெதையோ பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று நினைத்து, அவர் மேஜைக்குச் சென்று பாராமலேயே விட்டுவிட்டேன். பேச்சுவாக்கில் மேலாளரிடமும் அதைக் கூறினேன். அவர் முகம் மாறிற்று. “ஒன்று திறக்கிறது, ஒன்று திறக்கவில்லை என்றால்? சேமநிதிக் கணக்கு மட்டும் கேட்கும்போது திறக்காதோ?” என்றார். மாலைக்குள் அவ்வார்த்தை காரியாலயம் முழுவதும் பரவிவிட்டது. போகிற காலத்தில் பெரியவர் எதையோ மறைத்துவிட்டார் என்றார்கள். தாமே ஏதோ செய்து பூட்டிக்கொண்டார் என்று ஒருவர் விளக்கமும் கொடுத்தார். அவருக்கு அவ்வித அதிகாரமே சர்வரில் இல்லையென்பது எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காரணம் இன்னதென்று எனக்கே விளங்காத நிலையில் வாய்திறக்க வெட்கப்பட்டு மௌனமாயிருந்தேன்.

புதன்கிழமை காலை நிகழ்ந்தது இதனினும் கொடிது. காரியாலயத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மையார் ஒருவர் உண்டு. மகளின் பிரசவச் செலவுக்காகச் சம்பளத்தில் முன்பணம் வாங்கியிருந்தார். அது மாதந்தோறும் பிடித்தம் செய்யப்பட்டுவந்தது. அவருடைய வீட்டாருக்குக்கூட அது தெரியாது. அன்று காலை இளைஞன் ஒருவன் பலர் முன்னிலையில், “உங்களுக்கென்ன அக்கா, சம்பளம் வருமுன்னே செலவாகிவிடுகிறதே!” என்று வேடிக்கை பேசியிருக்கிறான். அந்த அம்மையார் நேரே கணக்கர் ஐயாவின் மேஜைக்கு வந்தார். முன்பணத்துக்குக் கையொப்பம் வாங்கியவர் அவர். அவரையன்றி வேறெவர் சொல்லியிருக்க முடியும்? “உங்களை நம்பித்தானே ஐயா சொன்னேன்?” என்று மட்டும் கேட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

யான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அவ்விளைஞன் எங்கிருந்து அறிந்தான் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. சர்வரறைக்கு ஓடி எவரிஒன்னை இரண்டு இடங்களிலும் அழித்தேன். அவ்விரண்டு நாட்களில் சம்பள ஃபோல்டரை எவரெவர் திறந்தனர் என்று அறிய வழியில்லை. அத்தகைய தணிக்கைப் பதிவை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தாலன்றிச் சர்வர் எழுதிவைப்பதில்லை; யான் ஏற்பாடு செய்திருக்கவில்லை.

அதன்பின்பே செய்யவேண்டியதைச் செய்தேன். கணக்கர் ஐயாவின் அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஷார்ட்கட்டைத் திறந்து காட்டுமாறு வேண்டினேன். ‘தணிக்கை’ திறந்தது. அவர் கூறியது முற்றும் உண்மை. மீண்டும் சர்வருக்குச் சென்று, ‘கணக்கு’ ஃபோல்டரின் பட்டியலை ‘அட்வான்ஸ்ட்’ என்னும் விரிவான பக்கத்தில் முதல் வரியிலிருந்து வாசித்தேன். முதல் வரியே விடையாக இருந்தது: ரிலீவிங் குழு, டினை. வேலையை விட்டுப் போகிறவர்கள் கணக்குகளைப் பிரதி எடுத்துக்கொண்டு போகாதிருக்க, எனக்கு முன்னிருந்தவர் எழுதிவைத்த மறுப்பு அது. திங்கட்கிழமையும் அவ்வரி அங்கேதான் இருந்தது. அன்று யான் ஒரு வரியைச் சேர்க்க வந்தேனேயன்றி, இருந்தவற்றை வாசிக்க வரவில்லை. அதே பக்கத்தில் ‘எஃபெக்டிவ் அக்ஸஸ்’ என்றொரு பகுதியுண்டு. அதில் ஒருவருடைய பெயரைக் கொடுத்தால், அவருக்கு முடிவாக எவ்வளவு அனுமதி உண்டென்று காட்டிவிடும். திங்களன்று அதைச் செய்யச் சென்றிருந்தால் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

ஒரே பட்டியலில் நேராக எழுதப்பட்ட அனுமதியும் மறுப்பும் மோதினால் மறுப்பே வெல்லும். அவர் எல்லாரிலும் ஒருவர், ரிலீவிங் குழுவிலும் ஒருவர். ஆகவே எல்லாருக்கும் கொடுத்தது அவருக்குச் சேரவில்லை. உள்ளறை திறந்த மர்மமும் அப்பொழுதே நீங்கிற்று. மேல் ஃபோல்டரில் எழுதப்படுபவை உள்ளிருப்பவற்றிற்கும் பிதுரார்ஜிதம் போல் இறங்கும். ஆயினும் உள் ஃபோல்டரில் நேராக எழுதப்பட்ட அனுமதி, மேலிருந்து இறங்கிவந்த மறுப்பை வென்றுவிடும். பல ஆண்டுகளுக்கு முன் எவரோ ‘தணிக்கை’யில் அவர் பெயரையே குறித்து அனுமதி எழுதியிருந்தார். முழு முகவரியுடன் நேரே உள்ளே செல்பவரை, இடையிலுள்ள ஃபோல்டர்களின் பட்டியலைக் காட்டி நிறுத்துவதும் விண்டோஸில் வழக்கமாக இல்லை. அவருடைய ஷார்ட்கட் அவரை அவ்வாறு கொண்டுசென்றது. யான் பொய்யென்று ஒதுக்கிய ஒரு வாக்கியத்திலேயே நோயின் நிதானம் முழுவதும் அடங்கியிருந்தது.

மறுப்பு என்னும் இக்கருவியைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் இங்கே கூறிவிடுகிறேன். ஸால்ட்ஸர், ஷ்ரோடர் என்னும் இரு அறிஞர் 1975இல் எழுதிய கட்டுரையொன்றில், யாரை விலக்குவது என்று தொடங்காமல் யாரை அனுமதிப்பது என்றே தொடங்கவேண்டும் என வற்புறுத்தியுள்ளனர். பெயர் எழுதப்படாதவருக்குக் கதவு தானே அடைத்திருக்கும். மறுப்பு என்று தனியே எழுதவேண்டிய சந்தர்ப்பம் மிக அரிது. அப்படி எழுதுபவர் அதன் காரணத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிவைத்துவிட்டுப் போகலாம். ஆயினும் எனக்கு முன்னிருந்தவரைக் குறைகூற எனக்கு வாயில்லை. அவர் எழுதியதை யான் வாசிக்கவில்லை.

அவர் பெயரைக் குழுவினின்று நீக்கினேன். அப்பொழுது மணி 11. வெற்றியோடு அவருடைய மேஜைக்குச் சென்று திறந்து பார்த்தால், மறுபடியும் அதே அக்ஸஸ் டினைட்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. பட்டியலில் மறுப்பில்லாத ஒருவருக்கு மறுப்பு எங்கிருந்து வருகிறது? மதிய உணவையும் மறந்து தேடிக்கொண்டிருந்தேன். ஏறத்தாழ இரண்டரை மணிக்கு மின்சாரம் நின்றது. அவர் மேஜையின் கீழிருந்த யு.பி.எஸ். பெட்டியின் பேட்டரி செத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தமையால் அவருடைய கணினி உடனே அணைந்தது. மின்சாரம் திரும்பியபின் பெரியவர் அதனை உயிர்ப்பித்து, கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே புகுந்தார். ‘கணக்கு’ திறந்தது. யான் அரைநாள் முயன்றும் ஆகாததை மின்வாரியம் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டது!

காரணம் இது. காலையில் ஒருவர் கடவுச்சொல்லிட்டுப் புகும்போதே, அவர் எந்தெந்தக் குழுவினர் என்பது ஒரு சீட்டில் எழுதி அவருக்குக் கொடுக்கப்படுகிறது. பின்னர் ஒவ்வொரு வாயிலிலும் அச்சீட்டையே பார்க்கிறார்கள். வார்டனின் பதிவேட்டை நடுவில் போய்ப் புரட்டுவதில்லை. இடையிற் பதிவேட்டைத் திருத்தினாலும், ‘லாக் ஆஃப்’ செய்து மறுபடி புகுந்தாலன்றிப் புதுச் சீட்டு வருவதில்லை. வெள்ளிக்கிழமை யான் அவரைக் குழுவிற் சேர்த்த பின்னும் அவர் மாலைவரை வேலை செய்தது பழைய சீட்டினால். திங்களன்று மறுக்கப்பட்டது புதுச் சீட்டினால். ‘ஹூ ஆம் ஐ’ என்றொரு கட்டளை விண்டோஸில் உண்டு. ‘யான் யார்?’ என்று பொருள். அதனைத் தட்டி அதனுடன் ‘குரூப்ஸ்’ என்பதையும் சேர்த்தால், கையிலிருக்கும் சீட்டிலுள்ள குழுக்களை அப்படியே காட்டிவிடும். ஞானிகளுக்கு அரிதான விடை குமாஸ்தாவுக்கு ஒரு நொடியில் கிடைக்கும். பதினொரு மணிக்கு எனக்கு அது தோன்றவில்லை.

சேமநிதிக் கணக்கில் ஒரு பைசாவும் பிசகில்லை. அன்று மாலையே மேலாளரிடம் சென்று நடந்தது அனைத்தையும் கூறினேன். அவர் என்னைக் கடிந்துகொண்டார், அது நியாயமே. கணக்கர் ஐயாவிடம் தாமே சென்று வருத்தம் தெரிவித்தார். அதுவும் நன்றே. அந்த அம்மையாரிடம் செல்வதுதான் எனக்குக் கடினமாயிருந்தது. ஷேர் என்றும் பெர்மிஷன் என்றும் அவரிடம் என்ன சொல்வது? “பெரியவர் சொல்லவில்லை, அம்மா. யான் பீரோவைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டேன், அதனால் வந்தது” என்றேன். அவர் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இப்போது பூட்டிவிட்டீர்களா, தம்பி?” என்று கேட்டார். பூட்டிவிட்டேன் என்றேன். “பார்த்தவர்கள் பார்த்ததுதானே?” என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. அவர் எழுந்து கணக்கர் ஐயாவின் மேஜைப் பக்கம் சென்றார். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யான் அறியேன். அங்கே நிற்பது தகாதென்று வந்துவிட்டேன்.

மாதக் கடைசி நாள் வந்தது. மாலை, தேநீர், ஒரு சால்வை, சில பேச்சுக்கள். எல்லாம் முடிந்து ஐந்து மணிக்கு என்னைத் தேடிச் சர்வரறைக்கே வந்தார். “என் பெயரை இன்று எடுத்துவிட வேண்டுமல்லவா? யான் இருக்கும்போதே எடும்” என்றார். அவர் கணக்கை முடக்கினேன். தம் மேஜைக்குச் சென்று ‘கணக்கு’ ஃபோல்டரைத் தட்டினார். திறந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தார்.

“சீட்டு பழசு, தம்பி” என்று சொல்லிவிட்டுத் தாமே லாக் ஆஃப் செய்தார். மறுபடி கடவுச்சொல்லைத் தட்டினார். உள்ளே விடவில்லை. திரையிலிருந்த வாசகத்தை முழுவதும் வாசித்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேஜை இழுப்பறையில் வைத்து மூடினார். குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.